உலகம்மாள் சவுண்ட் சர்வீஸ்

உலகம்மாள் செத்த மறுநாள் காலையிலேயே திரும்பி வந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால், சாவடித் தெருவில் இன்றைக்கும் எல்லாரும் அவள் மகள் குழலியின் வாயைத்தான் கைகாட்டுவார்கள். முழுப்பெயர் குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்மன் பெயர். பேரிலேயே வாயையும் மொழியையும் வைத்துக்கொண்டிருக்கிறவள், அன்று பாடையைத் தூக்கிய ஒரு நிமிஷம் மட்டும் அதை மூடிக்கொண்டிருந்தால் ஊருக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

தென்காசிப் பக்கத்தில் யாரும் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். 'போயிட்டு வாரேன்' என்பார்கள், அல்லது வெறும் 'வாரேன்'. உள்ளே இருக்கிறவர்கள் 'போயிட்டு வா' என்று அனுப்புவார்கள். இழவு வீட்டுக்கு மட்டும் இது கிடையாது. அங்கே வந்ததும் தெரியக்கூடாது, போனதும் தெரியக்கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி குழலிக்கும் தெரியும். ஆனால் அவள் வாய்க்குத் தெரிந்தது வேறொன்று. கல்யாணமாகி அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே குடியிருக்கிற அவள், இத்தனை வருஷமாக ஒவ்வொரு நாளும் அம்மா தன் வீட்டு வாசல்நடை இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் "வாரேன்ளா" என்று குரல் கொடுப்பதும், மாவுக் கையோ ஈரக் கையோ எதுவாக இருந்தாலும் அதைத் தூக்கிக் காட்டித் தான் "போயிட்டு வாம்மா" என்பதுமாகவே பழகிவிட்டவள். அன்றைக்கும் அதே நடை, அதே தெரு, அம்மாவின் கால் தெற்கே பார்த்துத் திரும்பியதுதான் தாமதம், ஓவென்று அழுதுகொண்டிருந்த வாய் அழுகையைச் சற்று நிறுத்திவிட்டு, "போயிட்டு வாம்மா" என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பாய்ந்து வந்து குழலியின் வாயைப் பொத்தினாள். சொல் அதற்குள் தெருமுக்குத் திரும்பிப் போயிருந்தது.

மறுநாள் காலை குழலியின் புருஷன் இசக்கிமுத்து நாலு பேரோடு சுடுகாட்டுக்குப் போய்ச் சிதைக்குப் பாலூற்றிக் காடாத்திவிட்டு, சாம்பல் கலயத்தை வேட்டித் துண்டில் கட்டிக்கொண்டு வந்தபோது, உலகம்மாள் தன் வீட்டு வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. சேலையில் மட்டும் கொஞ்சம் புகை வாடை.

"ஏன் மாப்பிள்ள, எம் பாடைக்கு எஞ் சவுண்டு செட்டையே போட்டிய, அது சரி. அதுக்காவ ஆம்ப்ளிஃபயர இப்படிச் சாரல்ல நனைய விட்டுட்டா போவிய?"

இசக்கிமுத்து மின்சாரக் கம்பத்தில் ஏறுகிற வேலையில் இருப்பவர். கரண்டுக்குப் பயப்படாதவர், அத்தைக்குப் பயப்படுவார். கலயத்தையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார்.

"அத்தை, அப்போ இத என்ன செய்ய?"

"போன காலோட ஆத்துல கரைச்சிட்டு வாங்க. வீட்டுக்குள்ள எதுக்குக் குப்பைய?"

அவரும் போய்க் கரைத்துவிட்டு வந்தார்.

தெரு ஒரு வாரம் கொஞ்சம் சிரமப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது. தொண்டை கட்டும்வரை ஒப்பாரி வைத்த பெண்களுக்குத்தான் ஆற்றாமை அதிகம். "சொல்லிட்டுச் செஞ்சா நாங்களும் கொஞ்சம் மட்டா அழுதிருப்போம்லா" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பஜார் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் போய்ப் பார்த்த உலகம்மாள், "இமயம் சரிந்ததாம்ளா, இமயம்! செட்டுச் சாமான் எடுக்க மதுரை வரைக்கும் போனவள அவ்வளவு தூரம் கொண்டு போய்ச் சரிச்சிருக்கானுவ" என்று சிரித்தாள். பேச்சியம்மாள் ஒருநாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மதினி, அங்கன எங்க வீட்டுக்காரரப் பாத்தியளா?" என்று காதோடு கேட்க, "ஒரு ராத்திரிகூட முழுசா இருக்கவிடாம உம் மருமவ குழலி என்னயக் கூப்பிட்டுட்டா. யாரன்னு கண்டேன்?" என்று பதில் வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், பேச்சோடு பேச்சாக "சவத்த விடு", "சவம் போட்டும்" என்று சொல்லாமல் அந்த ஊரில் யாராலும் கால்மணி நேரம் பேச முடியாது என்பது. உலகம்மாள் எதிரே வந்தால் பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். "சும்மா சொல்லுங்க, எனக்கொன்னும் ரோசம் இல்ல" என்று அவளே சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்த மாதமே மேலத்தெருவில் ஒரு குடிகாரன் செத்துப்போனான். பாடையைத் தூக்குகிற நேரத்தில் அவன் பெண்டாட்டி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, என்னமாய்த் துக்கம் பாருங்கள் என்று வெளியூர்க்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும்.

எதனால் உலகம்மாள் வந்தாள் என்று மட்டும் யாரும் ஆராயவில்லை. வா என்று சொன்னார்கள், வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் இருந்தால்தான் அதிசயம், ஏனென்றால் அந்த வீட்டுக்குச் சொல்லின் அருமை தெரியும். குழலி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பா ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "நான் போறேன்" என்றார். வாரேன் என்ற வார்த்தை வரவில்லை. உலகம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்க்கும்போது தெருமுனை தாண்டியிருந்தார். கேரளாவில் பார்த்தேன், கொழும்பில் பார்த்தேன் என்று பிற்பாடு பலபேர் சொன்னார்கள். எங்கே போனாலும் அந்த மனுஷரும் சொன்ன சொல் தவறவில்லை, திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து அந்த வீட்டில் 'போ' என்ற சொல் தனியாக நடமாடியதே இல்லை. நாயை விரட்டுவதற்குக்கூட 'போயிட்டு வா' என்றுதான் குழலி பழகியிருந்தாள், அதனால் நாய்களும் திரும்பி வந்தன.

போனவர் விட்டுப் போனது ஒரு ரேடியோ செட்டு. தெருவுக்கே கேட்கிற மாதிரி வாய் அகன்ற ரெண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், ஒரு பெட்டி இசைத்தட்டு. விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு போய் இரு என்று எல்லாரும் சொன்னார்கள். உலகம்மாள் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குழாயைத் தோளில் போட்டு, ஏணியில் ஏறிக் கோயில் வேப்பமரத்து உச்சிக் கிளையில் அதைக் கட்டினாள். ஒரு பொம்பளை ஏணியில் நிற்கிறாளே என்று கீழே கூட்டம் கூடியது. மேலேயிருந்தே, "அண்ணாந்து பாக்கவன் எல்லாரும் ஏணியப் பிடிங்க!" என்று அவள் சத்தம் போட, கூட்டத்தில் பாதிப் பேர் நழுவிவிட, மீதிப் பேர் பிடித்தார்கள். சடங்கு, கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, இழவு என்று அந்த ஊரில் எது நடந்தாலும் முதலில் கேட்பது உலகம்மாளின் "ஹலோ, ஒன்னு, ரெண்டு, மூனு"தான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மருமகன் எவ்வளவோ கூப்பிட்டும் எதிர்வீட்டுக்குக் குடிபோகவில்லை. தெருவைக் கடந்தால் மகள் வீடு, ஆனால் தன் வீட்டில்தான் சமையல், தன் கட்டிலில்தான் தூக்கம். யார் வண்டியிலும் பின்னால் உட்கார மாட்டாள். ஆயுசில் முதல் தடவையாக நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போனது அந்தப் பாடையில்தான், அதிலிருந்தும் மறுநாளே இறங்கி நடந்து வந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மைக்கில் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் ஆம்ப்ளிஃபயர் புகையும் என்பாள். அந்தப் பழைய பெட்டி எதற்கு வேண்டுமானாலும் புகையும் என்று இசக்கிமுத்து முதுகுக்குப் பின்னால் சொல்வார். எது நிஜமோ, தேர்தல் சமயத்தில் உலகம்மாள் செட்டு வாடகைக்குப் போகாது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பந்தல்காரரிடம் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது, சமையல் ஆக்குப்புரைக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. செத்தவள் வந்துவிட்டாள் என்பதற்காக எப்படி நிறுத்துவது? ஆகவே நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று மைக் வைத்தார்கள். உலகம்மாள் முன்வரிசையில், படத்துக்குப் போட வைத்திருந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திருமலைக்கொழுந்து பேசுவதைக் கேட்டாள்.

"அம்மையார் அவர்கள் அமைதியே உருவானவர். அதிர்ந்து ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை..."

ஆம்ப்ளிஃபயரிலிருந்து மெல்லிசாக ஒரு புகை கிளம்பியது. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, எச்சில் விழுங்கி, "ஒருமுறை பள்ளி ஆண்டுவிழாவில் நான் நீளமாகப் பேசுகிறேன் என்று என் மைக்கைப் பிடுங்கிவிட்டார்" என்று முடித்தார். புகை நின்றது.

அதன்பிறகு பேசினவர்கள் எல்லாரும் கண்ணை அந்தப் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டு உண்மை மட்டும் பேசினார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு அஞ்சலி அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. பேச்சியம்மாள் தன் மகள் கல்யாணத்தைச் சொன்னாள். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா தன்னை உள்ளறைக்குள் கூப்பிட்டு மோட்டார் சைக்கிள் கேட்டு முறுக்கிக்கொண்டு நின்றபோது, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உலகம்மாள் உள்ளே வந்து, ஓடிக்கொண்டிருந்த மைக்கைப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாளாம். "பிச்சக்காரன்கூட வாசல்ல நின்னுதான் கேப்பான்" என்று தான் அழுததும், அதற்கு அந்தாள் சொன்ன பதிலும் பஜார்வரை கேட்டுவிட, மனுஷன் வேர்த்து விறுவிறுத்து வந்து தாலியை எடுத்துக் கொடுத்தார் என்றாள். முன்வரிசையிலிருந்து, "மைக்குல பொய் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேன், நெசத்தக் கேக்கவைக்கக் கூடாதுன்னு சொல்லலயே" என்றாள் உலகம்மாள்.

ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற பேத்தி அபிநயா, லீவைக் கூட்டிப்போட்டு இருந்தவள், தான் எட்டாவதில் கணக்கில் தோற்று மூலையில் உட்கார்ந்து அழுததைச் சொன்னாள். "ஆச்சி என்னைய ஏணில ஏத்திவிட்டுது. மேல இருந்து பாரு, உம் பள்ளிக்கூடம் எவ்வளவு பெருசா தெரியுதுன்னு கேட்டுது. தீப்பெட்டி அளவுதான் இருந்துச்சு."

கடைசியில் குழலி. மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொல்ல நினைத்ததெல்லாம் போய், நினைக்காத ஒன்று வந்தது.

"நான் தினமும் எங்கம்மாக்கு ஒரு டம்ளர் ரசம் கொண்டு குடுப்பேன். ஒருநாள்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல."

கூட்டம் சிரித்தது. புகை வரவில்லை.

"பரவால்லன்னு சொல்லுவேம்லா" என்றாள் உலகம்மாள். அதற்கும் சிரித்தார்கள். குழலியும் சிரித்தாள். ஆனால் அது உண்மை, அவளுக்கு அது வலிக்கும். முதல் மதிப்பெண் வாங்கியபோதும் 'பரவால்ல', பட்டுச்சேலை கட்டி மணவறையில் உட்கார்ந்தபோதும் 'பரவால்ல'. ஐம்பது வயசைத் தாண்டியும், தெருவைக் கடந்து அந்த டம்ளரை நீட்டும்போதெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இது மகள் மனசுக்குள் கிடந்த விஷயம். அம்மா திரும்பி வந்ததில் ஊருக்கெல்லாம் வியப்பு என்றால் குழலிக்கு மட்டும் நிம்மதி. இன்னும் ரசம் வைக்கலாம்.

ஆனால் உலகம்மாள் இப்போது எதையும் குடிப்பதில்லை. பசி இல்லை, தூக்கம் இல்லை, உட்கார்ந்தால் கயிற்றுக் கட்டில் அசைவதுகூட இல்லை. டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். தினமும் சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெற்கே பார்த்து நடப்பாள். ஆற்றுப் பாலம் வரைக்கும் போகிறதைத் தெருப் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள். பாலத்தில் கால் வைத்ததும் அங்கே இருக்கமாட்டாள், இங்கே தன் வாசலில் நிற்பாள். போயிட்டு வா என்றால் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். முதலில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், வரவர வாசலில் நிற்கும்போது முகம் சோர்ந்து நின்றாள்.

ஒரு மத்தியானம், குழலி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏளா, உங்கிட்ட ஒன்னு கேக்கட்டா?"

குழலியின் கை நின்றுவிட்டது. அம்மா எதையும் யாரிடமும் கேட்டதில்லை. குடிக்கத் தண்ணீர்கூட எழுந்து போய்த்தான் எடுத்துக்கொள்வாள்.

"விசேஷம் முடிஞ்சு, ஆளெல்லாம் போன பொறவும் குழாயக் கழட்டவிடாம நிக்கவச்ச மாதிரி இருக்குளா எனக்கு. கால் வலிக்கல, ஆனா அலுப்பா இருக்கு. நீ கட்டின முடிச்ச நீதான் அவுக்கணும். வெறுமன 'போ'ன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

"எம்மா, என்னய அதமட்டும் சொல்லச் சொல்லாத."

"நானா வாயத் தொறந்து ஒன்னு கேட்டிருக்கேன், பாத்துக்கோ" என்று எழுந்து போய்விட்டாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. தெருவுக்குத் தெரியாமல் எது இருந்தது? ஆளுக்கொரு யோசனை. தான் வேண்டுமானால் சொல்லிப் பார்க்கவா என்று இசக்கிமுத்து கேட்டார். கேட்ட வேகத்தைப் பார்த்தால் மனுஷருக்கு அந்த ஆசை ரொம்ப வருஷமாகவே இருந்திருக்கும் போலிருந்தது. "போங்க அத்தை" என்று நல்ல கணீரென்ற குரலில் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை, குழலி ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை என்பதைத் தவிர. லீவு முடிந்து ரயிலேறப் போன அபிநயா கட்டிப்பிடித்து "பை ஆச்சி" என்றாள். 'பை'யில் போவதும் இல்லை, வருவதும் இல்லை என்று பேச்சியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். வாத்தியார் 'விடைதந்தோம் தாயே' என்று தொடங்கி எட்டு வரி எழுதிக் கொடுக்க, குழலி அதைத் திக்கித் திணறி வாசித்தாள். உலகம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல தமிழ். யாரளா போகச் சொல்லுது?" என்று கேட்டாள்.

கடைசியில் நல்ல நாள் பார்த்து, தெருவே இரண்டு பக்கமும் நின்று, உலகம்மாள் குளித்து முழுகி வெளுத்த சேலை கட்டி நடையில் இறங்கி நிற்க, குழலியை எதிர்நடையில் நிறுத்தினார்கள். குழலி கண்ணை மூடிக்கொண்டாள். "போ..." என்றாள். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. "போ..." என்றாள் மறுபடி. கைக்குழந்தையாக இருந்தபோது போனவரின் முகம் அவளுக்கு ஞாபகமே இல்லை, ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு அம்மா கரண்டியோடு வாசலில் நின்ற கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். "போ...யிட்டு வாம்மா" என்று முடித்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தெரு மூச்சை விட்டுவிட்டுக் கலைந்தது. ஒரு மாசத்துச் சோர்வு முழுக்க உலகம்மாள் முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒருதடவை கேட்டதை மறுதடவை கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மறுநாள் வேறு பேச்சு பேசினாள்.

"அம்மன் கொடைக்குப் போன வருசமே செட்டுக்குச் சொல்லிட்டாவ. நான் ஏணில ஏறுனா ஏணிக்கே நான் ஏறுனது தெரியாது, கயித்த இழுத்தா முடிச்சு இறுக மாட்டக்கி. நீதான் கட்டணும்."

இழவு விழுந்த வீட்டுக்காரி கோயில் மரத்தில் ஏறலாமா, தீட்டாயிற்றே என்று கொடைக் கமிட்டியில் ஒருவர் இழுத்தார். செத்தவளே வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தீட்டு எங்கிருந்து வரும் என்று இன்னொருவர் கேட்க, அதற்கு யாருக்கும் பதில் தெரியாததால் ஏறலாம் என்று முடிவானது.

குழலி பத்து நாள் வீட்டுக் கொல்லை முருங்கையில் ஏறிப் பழகினாள். முருங்கை முறியும் என்று அம்மா வைதாள், பிறகு கொய்யாவில் பழகினாள். அம்மா கீழே நின்று, வயரை இப்படிச் சுத்து, குழாயின் வாய் மேற்கே பார்க்கட்டும், கிழக்கே வைத்தால் சத்தமெல்லாம் வயலுக்குப் போய்விடும், நெல்லா பாட்டுக் கேட்கப் போகிறது என்று விரட்டினாள். ஒருதடவையும் சரி என்று சொல்லவில்லை. பரவால்ல என்றுகூடச் சொல்லவில்லை.

கொடைக்கு முதல்நாள் சாயந்திரம். சாரல் விட்டு மேற்கே மலை பளிச்சென்று தெரிந்தது. கோயில் வேப்பமரத்தில் ஏணியைச் சாத்தி, அம்மா மாதிரியே சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டி, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு குழலி ஏறினாள். அண்ணாந்து பார்த்த இசக்கிமுத்துவும் பேச்சியம்மாளும் ஏணியைப் பிடித்தார்கள். உச்சிக் கிளையில் காலை ஊன்றி, கயிற்றை வளைத்து, இழுத்து, முடிச்சுப் போட்டுக் குழாயை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. வயரை மாட்டினாள். கீழே மேஜையில், ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் அம்மா மைக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, சத்தம் குடுத்துப் பாரு!" என்று கத்தினாள் குழலி.

"ஹலோ" என்றது குழாய், அவள் காதுக்குப் பக்கத்திலேயே. "ஒன்னு. ரெண்டு. மூனு."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் அம்மாவின் குரல் மறுபடி வந்தது, பஜாருக்கும் மேலத்தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் சேர்த்து.

"மேல நிக்கது எம் மக குழலி. கட்டுனதுல ஒரு முடிச்சுகூட தொய்யல. எனக்கு இப்படிக் கட்ட ஒரு வருசம் ஆச்சு, இவ பத்து நாள்ல கட்டிட்டா. அவ வைக்கிற ரசமும் நல்லாத்தான் இருக்கும். சின்னப்பிள்ளையில இருந்தே அவ செஞ்சது எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு. பரவால்லன்னு நான் சொன்னது வெறும் வாயால சொன்னது. இது மைக்குல சொல்லுதேன்."

டீக்கடையில் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். ஊரே அண்ணாந்து பார்த்தது. குழலிக்குக் காதுமடல் சுட்டது. ஐம்பது வயசுக்கு மேல், மரத்தின் உச்சியில், இத்தனை பேர் முன்னால், வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிப்பும் அழுகையுமாக ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு,

"அட, போம்மா!" என்றாள்.

கீழே மைக்கை மேஜைமேல் வைக்கிற சத்தம் குழாயில் 'டொக்' என்று கேட்டது.

உலகம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு நடந்தாள். குழலி இருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. அம்மா பேச்சியம்மாள் வீட்டைத் தாண்டினாள், தன் வீட்டைத் தாண்டினாள், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலத்தில் கால் வைத்தாள். குழலி சட்டென்று அம்மாவின் வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. திரும்பவும் பாலத்தைப் பார்த்தாள். அம்மா பாதிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தாள், யாரும் தூக்காமல், தன் காலால், விசேஷம் முடிந்து வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. கூப்பிட வேண்டும் போல் இருந்தது. வாய் திறந்தது. 'போயிட்டு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழலி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே வெள்ளைச் சேலை கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

இறங்கி வந்தபோது மரத்தடியில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. "கெட்டிக்காரிளா எங்க மதினி. உன்னப் புகழ்ந்தா நீ வெக்கப்பட்டு அப்படித்தான் சொல்லுவேன்னு தெரிஞ்சே சொல்லியிருக்காவ. வார்த்தையப் பிடுங்கத்தான் அம்புட்டும்" என்று பேச்சியம்மாள் மூக்கைச் சிந்தினாள். இருக்கும் என்றார் இசக்கிமுத்து. அம்மா அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்பது குழலிக்கும் தெரியும்.

அவள் மேஜைக்குப் போய் ஆம்ப்ளிஃபயர்மேல் கைவைத்துப் பார்த்தாள். குனிந்து பின்பக்கம் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். பழைய பெட்டியின் தூசி வாடைதான், சிவப்பு விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு துளிப் புகை இல்லை.

அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை எடுத்தாள். ஊர் முழுக்க அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஹலோ" என்றாள் குழலி. "ஒன்னு. ரெண்டு. மூனு."